நாலாம் மெஷின் மூடி

குக்கரின் கைப்பிடி விலாவில் குத்துகிறது. நகர்த்தி வைத்தேன். பஸ் ஒரு குலுங்கு குலுங்க, மறுபடி குத்துகிறது. கிரகப்பிரவேசத்துக்கு எவனாவது குக்கர் கொடுப்பானா. கடிகாரம் கொடுப்பான், சாமி படம் கொடுப்பான். கடைக்காரன் இதை எடுத்து வைத்தான், நின்று பேசப் பொறுமையில்லை, வாங்கிவிட்டேன். உள்மூடி குக்கர். ஆவி இருக்கிறவரை எவன் இழுத்தாலும் மூடி வராது. ஆவியே உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். யோசித்துச் செய்திருக்கிறான் எவனோ. இப்போது யார் யோசிக்கிறார்கள். பஸ் நிற்கிறது. கருமத்தம்பட்டிக்கு முன்னால் பாலம் வேலை, இந்த ரோட்டில் எப்போதும் ஏதாவது வேலை. அவிநாசி போய்ச் சேர்வதற்குள் பந்தி முடிந்துவிடும். முடியட்டும். பக்கத்து சீட்டு அம்மாள் மடியில் எக்ஸ்ரே கவர், கவர் மேல் கடலைப் பொட்டலம். தோலை ஊதி ஊதித் தின்கிறாள், தோல் என் வேட்டியில் விழுகிறது. "கடலை எடுத்துக்கறீங்களா ஐயா?" "வேண்டாம்." "பல்லு இல்லீங்களா?" "இருக்கு." அதோடு விட்டாள். மூடி. நேற்றுப் பூராவும் மூடிதான். வேலையை விட்டு வந்தும் கம்பெனி என்னை விடவில்லை, நான் எழுதிய பழைய புரோகிராம் இன்னும் ஓடுகிறதாம், புதிதாக எதைச் சேர்த்தாலும் சென்னியப்பன் சார் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். சாய ஆலை மெஷினுக்கான புரோகிராம். சாய மெஷின் என்பது படுத்திருக்கிற பெரிய குக்கர், அவ்வளவுதான். துணியைப் போட்டு மூடி, சாயத் தண்ணீரை நூற்று முப்பது டிகிரிக்கு ஏற்ற வேண்டும். பழைய மெஷினில் ஆள் சக்கரத்தைச் சுற்றி மூடியைத் திறப்பான். சூடும் பிரஷரும் இறங்கிவிட்டதா என்று பார்த்துப் பச்சை விளக்கை எரியவிடுவது மட்டும்தான் என் புரோகிராம் வேலை. புது மெஷினில் சக்கரமே இல்லை. காற்று சிலிண்டர் ஒன்று பூட்டுப் பின்னை இழுக்கும், மூடி தானாகத் திறக்கும். அதற்குக் கம்பெனியில் இப்போது இருக்கிற நஸ்ரின் புரோகிராம் எழுதியிருந்தாள். நல்ல பெண். தட்டுவதற்கு முன் யோசிக்கிற பழக்கம் இருக்கிறது. மூடி என்று நான் எழுதிய கிளாஸை, மூடியின் வேலைகளெல்லாம் எழுதிய பகுதியை, அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பிள்ளையாகப் புதுமூடி என்று ஒரு கிளாஸ் எழுதியிருந்தாள். பிள்ளை கிளாஸில் 'திற' என்கிற வேலை பின்னை மட்டும் இழுக்கும், வேறு எதையும் பார்க்காது. சூட்டையும் பிரஷரையும் பார்த்துவிட்டுத் 'திற'வைக் கூப்பிடுவதற்கென்று தனியே இன்னொரு வேலை வைத்திருந்தாள். "திற-வ பிரைவேட்ல போட்டுட்டேன் சார். வெளிய இருந்து ஒருத்தரும் கூப்பிட முடியாது. வர்றவங்க சூடு பாக்கற வழியாத்தான் வரணும்" என்றாள். சரி என்றேன். வாய் வார்த்தையை நம்புகிறவன் இல்லை நான். வெளியிலிருந்து ஒரு வரி எழுதி 'திற'வைக் கூப்பிட்டுப் பார்த்தேன். எழுதியதைச் சரிபார்த்து மெஷினுக்குப் புரியும்படி கட்டித்தரும் கம்பைலர் எட்டி உதைத்தது. அது பிரைவேட், உனக்கு அனுமதி இல்லை. திருப்தி. டீ குடித்தோம். சாயங்காலமே சர்வீஸ் ஆள் அந்தப் புரோகிராம் ஏற்றிய போர்டை எடுத்துப்போய்த் திருப்பூர் ஆலையில் நாலாம் மெஷினில் மாட்டிவிட்டான். இன்று காலை முதல் பேட்ச் துணி. இந்நேரம் சூடு ஏறிக்கொண்டிருக்கும். கம்பைலர் உதைத்தது. நல்லது. எதை உதைத்தது.

எதை உதைத்தது என்று ஏன் கேட்கிறேன். உதைத்தது போதாதா. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டான், இனி நகராது போல. நேற்று எழுதிய வரி கண்ணில் நிற்கிறது. என்ன எழுதினேன். புதுமூடி, திற. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உதைத்தது. ஆனால் ஆலையில் எவன் அப்படிக் கூப்பிடப்போகிறான். அங்கே கூப்பிடுவது பட்டன். பட்டன் புரோகிராமை எழுதியவன் நான், அதை எழுதிய காலத்தில் நஸ்ரின் பள்ளிக்கூடம் போயிருப்பாளோ என்னவோ. அந்தப் பட்டனுக்குப் புதுமூடி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தது மூடி. அப்பன். மூடி, திற என்று அப்பன் பெயரைச் சொல்லித்தான் அது கூப்பிடும். அப்பன் வீட்டில் 'திற' பப்ளிக். எவனும் கூப்பிடலாம். கம்பைலர் அதைத்தான் பார்க்கும். கூப்பிடுகிறவன் வாயில் என்ன பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு அனுமதி உண்டா, அவ்வளவே அதன் வேலை. அதுவும் கட்டும்போது ஒரு தடவை. ஓட ஆரம்பித்த பிறகு காவல் கிடையாது. அந்தத் 'திற'வுக்கு முன்னால் விர்ச்சுவல் என்று போட்டவன் நான்தான். போட்டால் என்ன ஆகும். அப்பன் பெயரைச் சொல்லி அழைத்தாலும், அந்த இடத்தில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதோ அது எழுந்து தன் வேலையைச் செய்யும். பிள்ளை தன் வீட்டுக் கதவில் பிரைவேட் என்று எழுதி மாட்டியிருக்கிறதா என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நேராக உள்ளே போவார்கள். சூடு பார்க்கிற வழி வாசலில் அப்படியே நின்றுகொண்டிருக்கும், அதன் வழியாக ஒருத்தனும் வரமாட்டான். பட்டன், அப்பன், பிள்ளை, பின். முடிந்தது. இல்லை. நஸ்ரின் பட்டனையும் மாற்றியிருப்பாள். மாற்றினாளா. மாற்றியிருந்தால் நான் படித்திருப்பேனே. "உங்க பட்டன் புரோகிராமை நான் தொடவே இல்ல சார், தொடாமலே வேலை செய்யுது பாருங்க" என்று சிரித்தாள். தொடாமலே வேலை செய்யும். அதற்காகத்தானே அப்படி எழுதினேன்.

நிதானம். நிதானமாக யோசி. சூடு இறங்காமல் எவன் பட்டனை அழுத்துவான். எல்லோரும் அழுத்துவார்கள். அதுதான் பழக்கம். கலர் சரியாக ஏறியிருக்கிறதா என்று துணியில் ஒரு துண்டு வெட்டிப் பார்க்கவேண்டும், மேலே இருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள், ஆள் பட்டன் பக்கத்திலேயே நின்றபடி விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருப்பான். லிப்டுக்கு நிற்கிறவன் அழுத்துவதுபோல. பழைய மெஷினில் அழுத்தினால் ஒன்றும் ஆகாது, சூடு இருந்தால் விளக்கு எரியாது, எரிகிறவரை அழுத்தலாம். என் மூடியில் பார்த்துச் சொல்கிற வேலை 'திற'வுக்கு உள்ளேயே இருந்தது. அதனால்தான் அத்தனை வருஷம் அத்தனை விரல் அழுத்தியும் ஒருத்தன் மேலும் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. இவள் பார்க்கிற வேலையைத் தனியே எடுத்து வெளியில் வைத்துவிட்டாள். பூட்டியிருக்கிறோம் என்ற தைரியம். நானும் தலையாட்டினேன். ஆலைகளில் இரும்பில் ஒரு தடுப்பும் வைத்திருப்பார்கள், பிரஷர் இருந்தால் பின் நகராமல் அது பிடிக்கும். ஆனால் பஞ்சு அடைத்து அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் மூடி திறக்காது, திறக்காவிட்டால் பேட்ச் கெடும், அதனால் கழற்றித் தூரப் போட்டுவிடுகிற ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆலையில் கழற்றியிருப்பார்களா. இப்போது இருக்கிற ஃபிட்டர் கழற்றமாட்டான். பிடிவாதக்காரன், கழற்ற விடமாட்டான். அவனுக்கு முன்னால் இருந்தவன் கழற்றியிருந்தால். கொதிக்கிற தண்ணீர் என்றால் கூடப் பரவாயில்லை. இது கொதிக்க விடாமல் அடக்கி வைத்த தண்ணீர். மூடி ஒரு விரல் அசைந்தால் போதும், மொத்தமும் அந்த நொடியே ஆவியாகி வெளியே பாயும். எதிரில் முகம் இருந்தால் முகம். புதுப் போர்டு, முதல் பேட்ச் என்றால் ஆப்பரேட்டர் மட்டும் நிற்கமாட்டான், ஆலை ஃபிட்டரும் மூடி பக்கத்திலேயே நின்று பார்ப்பான். அந்த ஃபிட்டர் என் மகன். தரணிதரன். போனை எடுத்து அவன் நம்பரை அழுத்தினேன். ஒரே ஒரு மணி. அறுந்தது. மறுபடி. ஒரே ஒரு மணி. தெரியும். என் நம்பரை அவன் தடுத்து வைத்திருக்கிறான். தெரிந்தும் மூன்றாவது தடவை அழுத்தினேன். "என்னங்கய்யா, லைன் கெடைக்கலீங்களா? இந்த பாலத்தாண்ட டவரே வராதுங்க" என்றாள் பக்கத்து அம்மாள். "டவர் இருக்கு அம்மணி" என்றேன்.

நான் என்ன தப்பு செய்தேன். இன்றைக்கும் கேட்கிறேன். அவனுக்கு மூச்சு இளைக்கும், சின்னதிலிருந்தே. மார்கழி வந்தால் ராத்திரி உட்கார்ந்தபடி தூங்குவான், நான் முதுகைத் தடவிக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பேன். அப்படிப்பட்டவன் போய் ஆவியிலும் அமில நாற்றத்திலும் வேலைக்குச் சேர்ந்தான். கம்ப்யூட்டர் படிடா என்றேன், கையில் கிரீஸ் படவேண்டும் என்றான். சரி, படட்டும். ஒருநாள் கல்யாண வீட்டில் பார்த்தேன், மாடி ஏறிவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீலம் பாரித்த உதடு. ஆலை முதலாளி எனக்குப் பழக்கம், அவருடைய முதல் மெஷினுக்கு எங்கள் கம்பெனி கன்ட்ரோலர் போட்டுக் கொடுத்தவன் நான். போய்ச் சொன்னேன். பையனை மெஷின் பக்கம் விடாதீங்க, ஸ்டோர்ஸில் உட்கார வையுங்க. அவரும் உட்கார வைத்தார். யார் சொல்லி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. "எங்கிட்ட கேட்டீங்களா?" "கேட்டா நீ சரின்னா சொல்லுவே?" "சொல்லமாட்டேன். அதுக்குத்தான் கேக்கணும். எனக்கு மேல இருக்கறவங்ககிட்ட போயி நானு இன்னாருக்கு அப்பன்னு சொல்லி என்னைத் தூக்கி வெக்கறதுக்கு நானென்ன நாற்காலிங்களா?" எதிர்த்துப் பேசும்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசுவான். அதுவே இன்னும் எரிச்சல். பெற்றவன் போய்ச் சொல்லாமல் வேறு எவன் சொல்வான் என்று கத்தினேன். போய்விட்டான். முதலாளியிடம் சண்டை போட்டு மெஷின் பக்கமே திரும்பிப் போனான். அதிலிருந்து ஒரே ஒரு மணி. அவன் அம்மா இருந்திருந்தால் நடுவில் நின்று பேசியிருப்பாள். இல்லை. நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தவன் நான். நான் செய்தது சரி. சரிதான். முதலாளியைக் கூப்பிடலாம் இப்போது. கூப்பிட்டேன். அணைத்து வைத்திருக்கிறார், வெளிநாட்டில் ஏதோ கண்காட்சி என்று நேற்றே கம்பெனியில் சொன்னார்கள். நஸ்ரினைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். "நஸ்ரின், பட்டன் எந்தப் பேரைச் சொல்லித் திற-வக் கூப்பிடுது?" "மூடின்னுதான் சார், பழைய மாதிரியே..." அதோடு நிறுத்திவிட்டாள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கெட்டிக்காரி, அதற்கு மேல் சொல்லவேண்டி இருக்கவில்லை. "அல்லா" என்றாள். "சார், நேரா உள்ள போயிரும் சார்." "ஆமா. போர்டு மாட்டின ஆளைப் பிடி." "அவரு கொடுமுடி போயிருக்காரு சார், காலைலேர்ந்து சுவிட்ச்டு ஆஃப். நான் ஆலைக்குக் கிளம்பட்டுமா?" "கிளம்பி நீ போய்ச் சேர்றதுக்குள்ள? ஆலை நம்பர் கொடு." கொடுத்தாள். அழுகிறாளோ. "அழுவாதே. நானும்தான் பார்த்தேன்" என்று சொல்லி வைத்தேன்.

ஆலை கேட்டில் வாட்ச்மேன் எடுத்தான். வெற்றிலை போட்ட வாய். "ஆருங்க?" "தரணிதரனைக் கூப்பிடுப்பா. ஃபிட்டர். அவசரம்." "உள்ள போனெல்லாம் கொண்டுபோக விடறதில்லீங்க. வெளிய வந்தா சொல்றேன். ஆரு பேசறதுன்னு சொல்லட்டும்?" "அவங்கப்பன்." வெற்றிலையைத் துப்புகிற சத்தம் கேட்டது. "பெரியவரே, கோவிச்சுக்கப்படாது. அப்பான்னு சொல்லிக்கிட்டு ஆரு கூப்பிட்டாலும் குடுக்க வேண்டாம்னு அவரு சொல்லியிருக்காருங்க. மொதலாளி வரைக்கும் போனவருன்னு." "ஏய், மெஷினு வெடிக்கும்டா!" "எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லித்தானுங்க கூப்பிடறாங்க. போன வாரம் ஒருத்தரு மாமியா செத்துப்போச்சுன்னாரு, பாத்தா சினிமாவுக்கு." வைத்துவிட்டான். மறுபடி அழுத்தினேன். எடுக்கவில்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. என் நம்பரைப் பார்த்து எடுக்காமல் இருக்கிறான். பஸ்ஸில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், கத்திவிட்டேன் போல. சூடு நிமிஷத்துக்கு ஓரிரண்டு டிகிரி ஏறும். எப்போது துணி போட்டிருப்பார்கள். ஷிப்ட் மாறியதும் போட்டிருந்தால் மேலே போய்விட்டிருக்கும். அங்கே விரல் பட்டன் மேல் இருக்கும். பழக்கம். லிப்டுக்கு நிற்கிற விரல். அவன் மூடியின் எந்தப் பக்கம் நிற்பான். காதை மூடி மேல் வைத்துக் கேட்பான், அது அவன் வழக்கம், குழந்தையிலிருந்தே மிக்ஸியானாலும் பம்ப்செட்டானாலும் காது வைத்துக் கேட்பான். காது. கன்னம். இறங்கி ஓடலாமா. ஓடி எங்கே போவது, ரோட்டில் எல்லாம் நிற்கிறது. குக்கர் சரிந்து விழுந்தது, மூடி தனியாக உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டது. பக்கத்து அம்மாள் குனிந்து எடுத்தாள். "குக்கரை மடியில வெச்சுக்கிட்டு நீங்களே விசில் அடிக்கறீங்களே ஐயா. என்ன ஆச்சுங்க? பையன் எடுக்கமாட்டேங்கறானா?" இவளுக்கு எப்படித் தெரியும். பஸ்ஸுக்கே தெரியும், அப்பன் என்று நான்தானே கத்தினேன். "எம்பட பொண்ணும் அப்படித்தானுங்க. எம்பேரைப் பாத்தாவே எடுக்கமாட்டா. அவ கேஸ் ஏஜென்சில இருக்கறா, சிலிண்டர் புக் பண்றவங்க மாதிரி வேற நம்பர்லேர்ந்து பேசுனா, 'சொல்லுங்க மேடம்'பா." நான் அவளைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்தேன். கடலை எண்ணெய் படிந்த கண்ணாடி. "அதைக் கொஞ்சம் கொடு அம்மணி." "பேலன்ஸ் இருக்குது, பேசுங்க" என்று சேலையில் துடைத்துக் கொடுத்தாள்.

அப்பன் என்று சொல்லக்கூடாது. தரணி என்றும் சொல்லக்கூடாது. அந்தப் பெயரைக் கேட்டால் வாட்ச்மேன் கதவைச் சாத்துவான். இத்தனை யோசிக்க வேண்டியிருக்கிறதே, என் பிள்ளையோடு பேச. தொண்டையைச் செருமிக்கொண்டேன். கம்பெனிக் குரல், மீட்டிங்கில் பேசுகிற குரல், அதை எடுத்து ரொம்ப நாளாயிற்று. "கன்ட்ரோலர் கம்பெனியிலிருந்து பேசறோம். நாலாம் மெஷின் சம்பந்தமா டியூட்டி ஃபிட்டரோட பேசணும். லைன் கொடுங்க." "இருங்க சார்" என்றான் அதே வாய். சார். ஒரு பட்டன் சத்தம், ஏதோ ஒரு பாட்டு, அது அறுந்து இரைச்சல். ஆலை இரைச்சல், தண்ணீர் சுற்றுகிற சத்தம். "மெயின்டெனன்ஸ்" என்றது குரல். அவன்தான். ஒரே சொல். அதற்குப் பின்னால் லேசான இழுப்பு, மூச்சில். வேறு யாருக்கும் கேட்காது, எனக்குக் கேட்கும். வாயில் வேறு என்னென்னவோ வந்தது. சாப்பிட்டாயா, மருந்து கையில் இருக்கிறதா. எல்லாவற்றையும் விழுங்கினேன். "நாலாம் மெஷின். மூடி பட்டனை யாரும் தொடக்கூடாது. சூடு பாக்காமயே பின்னை இழுத்துரும். மூடிக்குப் போற ஏர் வால்வை இப்பவே கையால மூடு." என் குரல் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனிக் குரல் நஸ்ரினுக்கு ஆகும், வாட்ச்மேனுக்கு ஆகும், இவனுக்கு ஆகாது. தண்ணீர் சுற்றுகிற சத்தம் மட்டும். வைக்கப்போகிறான். வைத்துவிடு, ஆனால் மூடிவிட்டு வை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. வைக்கட்டும், பிறகு ஆயுசுக்கும் பேசவேண்டாம், வால்வை மட்டும். அப்போது கேட்டது அவன் கத்துகிற சத்தம், போனை விட்டுத் தள்ளி, ஆப்பரேட்டரிடம், இந்தியும் தமிழுமாக, "சுபாஷ்! ருக்கோ! ஹாத் ஹட்டா! கையை எடுறா!" போன் எதன் மேலோ விழுந்தது. ஓடுகிற காலடி. ஈர சிமென்ட் தரையில் ஷூ. பிறகு ஒன்றுமில்லை. இரைச்சல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் நீல உதடு வருகிறது, திறந்தேன். பக்கத்து அம்மாள் கடலை தின்பதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆவி பாய்ந்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், அந்தச் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை. வரவில்லை. திரும்புகிற காலடி. மூச்சு, இப்போது நன்றாகவே இழுக்கிறது. "மூடியாச்சுங்க." "எவ்வளவு சூடு?" "நூத்தி இருபத்தெட்டு." "அழுத்தினானா?" "விரலை வெச்சுட்டான்." இன்ஹேலரை உறிஞ்சுகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. நல்லது, வைத்திருக்கிறான். "இரும்புத் தடுப்பு இருக்கா, கழட்டிட்டாங்களா?" "எனக்கு முந்தி இருந்தவரு கழட்டிட்டாரு. இந்த வாரம் மாட்டறதா இருந்தேன்." "மாட்டு." "சரிங்க." பிறகு, குரலைத் தாழ்த்தி, "நேரா வரவே தெரியாதுங்களா உங்களுக்கு? அன்னைக்கு மொதலாளி, இன்னைக்கு கம்பெனி." "நேரா வந்தா எடுக்கறியா நீ?" என்றேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. "இது டியூட்டி போனுங்க. ரொம்ப நேரம் பேசக்கூடாது" என்றான். "வெய்யி" என்றேன். உடனே வைக்கவில்லை. பிறகு வைத்தான்.

அம்மாளிடம் போனைக் கொடுத்தேன். "ஒண்ணும் ஆவலீங்களே?" "ஆகல." "சொன்னேன் பாத்தீங்களா, வேற நம்பர்னா எடுத்துருவாங்க" என்று பொட்டலத்தை நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். வாயில் போட்டு மெல்லுகிறேன், ருசி ஒன்றும் தெரியவில்லை. முன்னால் லாரி நகர்ந்தது, டிரைவர் இஞ்சினை எழுப்பினான். நேராக வரத் தெரியாதா என்கிறான். நேர் வழியை அடைத்தவன் யார். அவன். அடைக்க வைத்தவன். அதை இப்போது யோசிக்க வேண்டாம். ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு அந்த விரலை எவன் எடுத்திருப்பான். அதையும் யோசிக்க வேண்டாம். என் போனில் அவன் பெயர் அப்படியே நிற்கிறது, ஒரே ஒரு மணி அடித்த மூன்று தடவையும் சிவப்பில். இப்போது அழுத்தினால் எத்தனை மணி போகும். சோதித்துப் பார்க்கலாம். கட்டை விரல் அதன் மேல் போய் நின்றது. எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தே ஆகவேண்டுமா. போன் அதிர்ந்தது. நஸ்ரின். "சார், பேசிட்டீங்களா சார்?" "பேசியாச்சு. ஏர் லைனை மூடியாச்சு. பட்டன் புரோகிராமையும் சேத்து மாத்து. சூடு பாக்கறது திற-வுக்கு உள்ளயே இருக்கணும், எவன் எந்தப் பேரைச் சொல்லி வந்தாலும்." "சரி சார். சாரி சார்." "ம்." மூக்கை உறிஞ்சினாள். விசைப்பலகை தட்டுகிற சத்தம், அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "சார், மேலே ரிப்போர்ட் அனுப்பணும். அங்க மெஷினை நிறுத்தினது யாரு சார்?" "டியூட்டி ஃபிட்டர்." "பேரு?" வெளியே பாலத்துத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகின்றன. "தரணிதரன்." தட்டினாள். "இனிஷியல் சார்?" எழுத்து நாக்கு நுனியில் வந்து நின்றது. என் எழுத்துத்தான், வேறு யாருடையது. சொல்ல ஒரு நொடி ஆகாது. "சார்? லைன்ல இருக்கீங்களா?" "இருக்கேன்" என்றேன். "அதை அவங்கிட்டயே கேட்டுக்கோம்மா."